வெடியுப்பு போன ஆற்றங்கரையில்

கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தால் வரும் அறிக்கையில் குளோரைடு, புளோரைடு, இரும்பு என்ற வரிசையில் நைட்ரேட் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த உப்புக்கு நீண்ட சரித்திரம் உண்டு. கங்கைச் சமவெளியின் மண்ணிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டு, படகேறி, ஹூக்ளி ஆற்றின் வழியே கடலுக்குப் போய், ஐரோப்பாவின் பீரங்கிகளில் வெடித்த உப்பு அது. நம் ஊரில் அதற்கு வெடியுப்பு என்று பெயர். அது போன வழியைப் பார்க்க வேண்டும் என்றுதான் கொல்கத்தாவின் கிடர்பூருக்குப் போனேன்.

எஸ்பிளனேடிலிருந்து மைதானத்து மரங்களுக்கு நடுவே கிடர்பூர் வரை ஓடிக்கொண்டிருந்த டிராம், 2020 மே மாதம் அடித்த ஆம்பன் புயலோடு நின்றுபோனது. இப்போது பேருந்துதான். குதிரைப் பந்தயத் திடலையும் ஹேஸ்டிங்ஸையும் கடந்ததும் ஒரு பாலம் வருகிறது. கீழே டாலி நாலா. காளிகட்டத்துக் காளி கோயில் இருப்பது இதே நீரின் கரையில்தான். பழைய கங்கை ஓடிய தடம் என்று மக்கள் இன்றும் இதை ஆதிகங்கை என்கிறார்கள். தூர்ந்து கிடந்ததை 1770களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி வெட்டித் திருத்திப் படகு போக்குவரத்துக்குத் திறந்தார். இன்றைக்கு அதில் கரிய சாக்கடை நீர் நகர்கிறது. பாலத்தில் நின்றால் அழுகல் வாடை மூக்கில் ஏறுகிறது. அந்த வாடையில் அம்மோனியா உண்டு. என்னைக் கிடர்பூருக்கு இழுத்து வந்த கதை அந்த அம்மோனியாவிலிருந்துதான் தொடங்குகிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடர்பூர். மாலுமிகள் கொண்டுவந்த வெளிநாட்டுப் பொருள்களால் பெயர்பெற்ற ஃபேன்சி மார்க்கெட், பிரியாணி அண்டாக்கள், துணிக்கடைகள், வாட்கஞ்சின் நெருக்கமான சந்துகள், அவற்றுக்கு அப்பால் கப்பல்துறையின் நீண்ட மதில். வங்காளமும் உருதும் போஜ்புரியும் ஒரே தேநீர்க் கடையில் கலந்து கேட்கின்றன. சுமை தூக்கும் ஆட்களில் பலர் பீகார்க்காரர்கள். அவர்களுடைய சொந்த மாவட்டங்களின் மண்ணில்தான் வெடியுப்பும் விளைந்தது.

கிடர்பூர் கப்பல்துறை திறக்கப்பட்டது 1892-இல். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்த ஆற்றில் வெடியுப்பு போகத் தொடங்கிவிட்டது. பாட்னா, சாப்ரா வட்டாரங்களில் நூனியா சாதியினர் பழைய ஊர்த் திட்டுகளிலும் மாட்டுத் தொழுவங்களின் ஓரத்திலும் பூத்துக் கிடந்த வெள்ளை உப்பைச் சுரண்டினார்கள். அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து வடித்து, வடிநீரைக் காய்ச்சி, படிகமாக்கினார்கள். அந்த உப்பு அங்கே பூத்ததற்குக் காரணம் மனிதரும் மாடும்தான். தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரும் சாணமும் மலமும் ஊறிய மண் அது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அந்தக் கழிவில் பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது ஈரம் மேலேறி ஆவியாகும். கரைந்திருந்த நைட்ரேட் தரையில் வெள்ளையாகப் பூக்கும்.

கரிமருந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த உப்பு. அதனால் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் பீகாரில் இதற்காக முட்டிமோதினார்கள். பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டே, 1758-இல், கிழக்கிந்திய கம்பெனி மீர் ஜாஃபரிடமிருந்து பீகார் வெடியுப்பின் தனியுரிமையைப் பெற்றுக்கொண்டது. துணிமூட்டைகளுக்கு அடியில், கப்பல் ஆடாமல் நிற்பதற்கான அடிப்பாரமாகவும் வெடியுப்பை ஏற்றினார்கள். வங்காளத்து வெடியுப்பு எதிரியின் கையில் இருந்ததால் பிரான்ஸ் தன் சொந்த மண்ணிலேயே உப்பு விளைவிக்க வேண்டிவந்தது. 1775-இல் அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர், நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியர்.

கப்பல்துறைப் பாலத்தருகே நின்று மண்ணிறத்து ஹூக்ளியைப் பார்த்தபோது ஒன்று தெளிவாக விளங்கியது. மனிதரும் கால்நடையும் ஓரிடத்தில் நெடுங்காலம் கூடி வாழ்ந்தால் அந்த மண்ணில் நைட்ரேட் சேரும். அன்று அதைச் சுரண்டி எடுத்து விற்றார்கள். இன்று நாம் யாரும் அதை எடுப்பதில்லை. மழை அதைக் கரைத்துக் கீழே, கிணற்றுக்கு, இறக்கிவிடுகிறது. வீரியமான நைட்ரஜன் உரமும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது. ஃபிரிட்ஸ் ஹாபரின் முறையைக் கார்ல் போஷ் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றிலிருந்து அம்மோனியா பிடித்த நாளிலிருந்து நைட்ரஜனுக்குப் பஞ்சமே இல்லை. நாம் வயலில் போடும் யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். பயிர் எடுத்துக்கொள்ளாத பங்கு மண்ணில் நைட்ரேட்டாகி, நீரோடு போகிறது.

* * *

வாட்கஞ்ச் பக்கத்துச் சந்தொன்றில் தெருக்குழாய் முன்னால் பிளாஸ்டிக் கேன்களும் வாளிகளும் வரிசையாக இருந்தன. குறித்த நேரத்துக்கு மட்டும் நீர் வருவதால் இங்கே இதை ‘டைம் கல்’ என்கிறார்கள். வரிசையில் நின்ற நடுத்தர வயதுப் பெண்ணிடம், “தீதி, இந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். “பெரியவர்கள் குடிப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதும் காய்ச்சித்தான்” என்றார். கேட்கவே வேண்டாத கேள்வி என்பது போலிருந்தது அவர் பார்வை.

அந்த உறுதியை இந்த நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. காலராவின் பிறப்பிடம் என்று உலகம் சுட்டிய மண் வங்காளம். 1883 டிசம்பரில் கொல்கத்தாவுக்கு வந்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், அடுத்த சில வாரங்களில் நோயாளிகளின் குடலிலும், சுற்றியிருந்த மக்கள் குடித்துக் குளித்துத் துணி துவைத்த ஒரு குளத்து நீரிலும் காலரா நுண்ணுயிரைக் கண்டார். அதற்கு முன்பே, 1870-இல், நகருக்கு வடக்கே பல்தாவில் ஹூக்ளி நீரை எடுத்து வடிகட்டி அனுப்பும் நிலையம் தொடங்கியிருந்தது. 1911-இல் டாலா மேல்நிலைத் தொட்டி எழுந்தது. 90 லட்சம் கேலன் கொள்ளும் அந்த இரும்புத் தொட்டி இன்றும் வேலை செய்கிறது. தென்பகுதிக்குப் பின்னாளில் கார்டன் ரீச் நிலையம் வந்தது; கிடர்பூரை அடுத்து ஆற்றோரமாகவே இருக்கிறது அது. வண்டலைப் படியவைத்தல், மணலில் வடித்தல், குளோரின் இடுதல், வீட்டில் காய்ச்சுதல் என்று கொல்கத்தா கற்றதெல்லாம் கிருமிக்கு எதிரான பாடம். உலகம் முழுவதும் பரவி, கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய பாடம் அது.

ஆனால் நைட்ரேட்டுக்கு எதிரே இந்தப் பாடத்தில் எதுவும் செல்லாது. அது நிறமில்லாமல், மணமில்லாமல், நாக்குக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் உப்பு. மணலில் தங்காது. குளோரினுக்கு அசையாது. புற ஊதா விளக்கு அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே இருக்கும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 5 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி 4 லிட்டராக்கினால் அது 50 மில்லிகிராம் ஆகிவிடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு 45. வேறு சில பொருள்களுக்கு உள்ளதுபோல் இதற்குத் தளர்வு வரம்பு கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் நைட்ரேட்டுக்கு 50 என்றும் நைட்ரைட்டுக்கு 3 என்றும் வைத்திருக்கிறது. வரம்புக்குள் இருந்த நீர், பாசத்தோடு காய்ச்சியதாலேயே வரம்பைத் தாண்டக்கூடும்.

கிடர்பூர் மக்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. குழாயில் வருவது ஆற்று நீர். ஹூக்ளி போன்ற பேராற்றில் நைட்ரேட் நீர்த்துப்போய்விடும். நிலத்தடியிலும் இயற்கை ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. கொல்கத்தாவின் அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் கனத்துக்குக் களிமண் படுத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் அதற்கும் கீழேயிருந்து நீர் எடுக்கின்றன. மேலேயிருந்து எதுவும் எளிதில் இறங்க முடியாது. இறங்கினாலும், காற்றுப் புகாத வங்காள வண்டலில் மக்கிய இலைதழைகளைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள், மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனை நைட்ரேட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிவிடும்.

இந்த நன்மைக்குள்ளேயே வங்காளத்தின் பெருந்துயரமும் இருக்கிறது. நைட்ரேட் தீர்ந்ததும் அந்த நுண்ணுயிர்கள் மாங்கனீசு மீதும், பிறகு இரும்புத் துரு மீதும் பாய்கின்றன. இமயத்திலிருந்து வந்த வண்டலின் துருவில் ஒட்டியிருந்த ஆர்செனிக், துரு கரையும்போது நீரில் கலந்துவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கை தடித்து உடம்பெல்லாம் புள்ளி விழுந்து வந்த கிராமத்து நோயாளிகளிடம் இந்த நஞ்சை அடையாளம் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரபர்த்தி ஊர் ஊராகப் போய்க் குழாய்க் கிணற்று நீரைச் சோதித்து, அரசுகள் ஒப்புக்கொள்ளும்வரை ஓயாமல் எழுதினார். வங்காளக் கிராமங்களில் குழாய்க் கிணறுகள் பரவியதற்கு முக்கியக் காரணமே குளத்து நீரின் காலராவிலிருந்தும் பேதியிலிருந்தும் மக்களைக் காப்பாற்றுவதுதான். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கிருமி இல்லை என்று நம்பி இறங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று காத்திருந்தது. தண்ணீரைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் மண்ணைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி இல்லை.

* * *

கப்பல்துறை வாசலை ஒட்டிய தேநீர்க் கடையில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது. சரக்குக் கப்பலொன்றில் எஞ்சின் அறை வேலை பார்க்கும் இளைஞர்; கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று கைப்பேசியில் படம் காட்டினார். நான் எதைப் பார்க்க வந்தேன் என்று சொன்னதும் பேச்சு தண்ணீருக்கு வந்தது.

“எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி நல்ல இனிப்பா இருக்கும் அண்ணாச்சி. பிள்ளைக்குப் பால் பவுடர் கலக்கதுக்கு மட்டும் நல்லாக் காய்ச்சித்தான் எடுப்பாவ.”

“கிணத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு தம்பி?”

“மாட்டுத் தொழு இருக்கு. அதுக்கு அங்கிட்டு கக்கூஸ் குழி. ஏன் கேக்கிய? காய்ச்சுனா எல்லாம் செத்துரும்லா?”

“கிருமி சாகும் தம்பி. உப்பு சாகாது.”

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். உதடும் நகமும் நீலம் பாரித்த கைக்குழந்தைகள் ஹன்டர் காம்லி என்ற மருத்துவரிடம் வந்தார்கள். இதயத்திலும் நுரையீரலிலும் பிழை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவமனையில் தேறி வீட்டுக்குப் போனால் மறுபடியும் நீலம். கடைசியில் பண்ணை வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தபோது அளவுக்கு மீறிய நைட்ரேட் இருந்தது. அந்த நீரில்தான் குழந்தைகளுக்குப் பால் கலந்தார்கள். காம்லியின் கட்டுரை வந்த பிறகு அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கணக்கெடுத்தார்கள். 1951-இல் வெளியான தொகுப்பில் 278 குழந்தைகளுக்கு இந்த நோய் வந்ததும் அவர்களில் 39 பேர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. இன்று உலகம் வைத்திருக்கும் வரம்பு அந்தக் கணக்கின் மேல் எழுந்தது.

நைட்ரேட் தானாகக் கொல்வதில்லை. ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் அங்கே சில நுண்ணுயிர்கள் குடியேறி நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கிவிடுகின்றன. நைட்ரைட் இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றிவிடுகிறது. அப்படி மாறியதற்கு மெத்திமோகுளோபின் என்று பெயர். அது ஆக்சிஜனைச் சுமக்காது. பெரியவர் உடம்பில் அதைத் திருப்பி மாற்றும் நொதி போதுமான அளவு உண்டு, பச்சிளம் குழந்தைக்கு அது குறைவு. இரத்தம் சாக்லேட் நிறமாகிறது, குழந்தை நீலமாகிறது. வயிற்றுப்போக்கு இருந்தால் ஆபத்து கூடும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் மெத்திலின் நீலம் என்ற மருந்து ஊசியால் காப்பாற்றிவிடலாம். கண்டுபிடிப்பதுதான் சிக்கல். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் நீலம் சட்டென்று தெரியாது; உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தையும் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் முழு விடுதலை இல்லை. ராஜஸ்தானில் நைட்ரேட் மிகுந்த கிராமங்களில் நடந்த ஆய்வுகளில் எல்லா வயதினரிடமும் மெத்திமோகுளோபின் கூடியிருந்தது. நைட்ரைட் வயிற்றில் புரதச் சிதைவுகளோடு சேர்ந்து நைட்ரோசமைன் போன்ற பொருள்களை உண்டாக்கும். அப்படி உண்டாகும் சூழலில் உட்கொள்ளும் நைட்ரேட்டையும் நைட்ரைட்டையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை வரிசையில் வைத்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் உண்டு. ஆனால் அவற்றோடு வரும் வைட்டமின் சி அந்த வினையைத் தடுக்கிறது. தண்ணீரில் அந்தக் காவல் இல்லை.

“தாய்ப்பால் குடிச்சா?” என்று கேட்டார் அந்தத் தம்பி. நல்ல கேள்வி. தாய் குடிக்கும் நீரில் நைட்ரேட் இருந்தாலும் பாலில் அது பெரிதாக ஏறுவதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் குழந்தை இந்த ஆபத்திலிருந்து தப்பிவிடும். பால் பவுடர் கலக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சோதித்த நீரில் கலக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் சோதித்துத் தருவார்கள் என்றேன். கப்பல் வேலைக்கு உள்ளே போகும் முன் வீட்டுக்குப் பேசி, அன்றைக்கே பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்பச் சொன்னார்.

* * *

கோவில்பட்டிக் கிணற்றின் கவலை அந்த ஊரோடு நிற்பதில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் 15,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நீர் எடுத்துச் சோதித்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாதிரி வரம்பைத் தாண்டியிருந்தது. வரம்பு மீறிய நைட்ரேட் காணப்பட்ட மாவட்டங்கள் 2017-இல் 359, 2023-இல் 440. வரம்பு மீறிய மாதிரிகளின் மாநில வரிசையில் ராஜஸ்தான் 49 விழுக்காடு, கர்நாடகம் 48, மூன்றாவதாகத் தமிழ்நாடு 37.

நம் நிலத்தில் பெரும்பகுதி கடும்பாறை. மேலே மெல்லிய மண். கீழே வெடிப்பு விழுந்த பாறை. அந்த வெடிப்புகளில்தான் தண்ணீரும் இருக்கிறது, மேலேயிருந்து வரும் கழிவும் அதே வெடிப்பில்தான் இறங்குகிறது. வங்காளத்துக் களிமண் நமக்கு இல்லை. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தது நல்ல காரியம். வெட்டவெளியில் ஒதுங்கிய துயரம் குறைந்தது. ஆனால் அடித்தளம் பூசாத குழியைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோண்டினால், வெளியே ஒதுங்கியபோது மண்ணில் பரவிக் கிடந்தது ஒரே புள்ளியில் குவிந்து கீழே இறங்கும். தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக யூரியாவும், கோழிப்பண்ணை எருவும் சேரும்போது கிணற்றுக்கு வேறு வழியே இல்லை.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூர்மை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்க எல்லாம் கிணறுதான். செம்மண்ணுக்கு அடியில் இருப்பது துளையும் குகையுமான சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது சல்லடையில் ஊற்றியது போலக் கீழே போய்விடும். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகளில் நைட்ரேட் வரம்பைத் தாண்டிக் கிடப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும், காய்ந்த மண்ணில் சேர்ந்திருந்த உரமும் கழிவும் கழுவப்பட்டுக் கிணற்றில் இறங்குகின்றன. நெருக்கமான வளவுகளில் ஒருவர் வீட்டு மலக்குழியும் அடுத்தவர் வீட்டுக் கிணறும் வேலிக்கு இரு பக்கமும் நிற்கின்றன. பொதுவாகச் சொல்லப்படும் 15 மீட்டர் இடைவெளி அந்தக் கல்லில் போதவே போதாது. 2024-இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதற்குப் பின்னால் இந்தக் கிணறுகளின் நெடுங்கால நோயும் இருக்கிறது.

* * *

ஒரு பகலில் கிடர்பூரிலிருந்து கிளம்பி, நகரைக் குறுக்காகக் கடந்து, கிழக்கு எல்லைக்குப் போனேன். கூடி வாழும் இடத்தில் சேரும் நைட்ரேட்டை என்ன செய்வது என்று கிடர்பூரில் எனக்கு எழுந்த கேள்விக்கு அங்கே ஒரு விடை இருப்பதாக முன்பே படித்திருந்தேன். பைபாஸ் சாலையின் அடுக்குமாடிகளைத் தாண்டியதும் வானம் திறந்துகொள்கிறது. கண்ணுக்கு எட்டியவரை ஆழமில்லாத நீர்ப்பரப்பு, நடுவே மண்கரைகள், மூங்கில் தட்டிகள், வலை இழுக்கும் ஆட்கள். இந்த மீன்குளங்களுக்கு இங்கே பேரி என்று பெயர். கொல்கத்தா மாநகரக் கழிவுநீரின் பெரும் பகுதி கால்வாய்களில் இங்கேதான் வருகிறது.

கரையில் நின்ற மீனவரிடம், “தாதா, சாக்கடையிலா மீன் வளர்க்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வாய்க்கால் மடையையும் குளத்தையும் மாறிமாறிக் காட்டினார். மடையில் கறுப்பாக உள்ளே வரும் நீர் குளத்தின் மறுகோடியில் பச்சையாக இருந்தது. எவ்வளவு விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எத்தனை நாள் வெயிலில் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் நீரின் நிறத்தையும் மணத்தையும் பார்த்தே தெரியும் என்றார். வெயில் கிருமிகளைக் கொல்கிறது. அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் பாசி தின்கிறது. பாசியை ரோகுவும் கட்லாவும் மிர்காலும் திலேப்பியாவும் தின்கின்றன. மீன் நகரத்துச் சந்தைக்குப் போகிறது. மிஞ்சிய நீர் நெல் வயல்களுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் பாய்ந்து குல்டி ஆற்றில் சேர்கிறது.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். நகரத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு 1980களின் தொடக்கத்தில் இங்கே வந்தவர், படிக்காத மீனவர்கள் நடத்தும் சுத்திகரிப்பு நிலையத்தைக் கண்டார். அதை வரைபடமாக்கினார், அளந்தார், பாதுகாக்கப் போராடினார். மனை வணிகம் குளங்களைத் தூர்க்க வந்தபோது குடிமக்கள் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்து, 1992-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் காப்பு பெற்றது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2006-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. 2018-இல் கோஷ் மறைந்தார். தூர்க்கும் முயற்சிகள் இன்னும் ஓயவில்லை. கரையோரத்தில் புதுக் கட்டடங்களை நானே பார்த்தேன். அந்தக் கட்டடங்கள் நெருங்க நெருங்க, ஒரு பெருநகரம் தன் கழிவைச் செலவின்றி உணவாக்கும் ஏற்பாடு சுருங்குகிறது. இதைக் கொல்கத்தா விட்டுவிடக் கூடாது.

பீகார் மண்ணின் வெடியுப்பு, கோவில்பட்டிக் கிணற்றின் நைட்ரேட், பேரியின் ரோகு மீன் ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே நைட்ரஜன். அது அழியாது. பாறை வெடிப்பில் இறங்கினால் குழந்தையின் இரத்தத்தைக் கெடுக்கும். வெயிலிலும் பாசியிலும் பயிர் வேரிலும் நிறுத்தினால் சோறாகவும் மீனாகவும் திரும்பும். எந்த வழியில் அனுப்புகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அந்த வழியை மாற்ற நம் ஊரில் செய்யக்கூடியவை பல. கழிப்பறைக் குழிக்குப் பதில் பூசிய தொட்டி, அதைக் காலத்தில் காலி செய்யும் ஏற்பாடு, எடுத்த கசடை மக்கவைத்து வயலுக்குக் கொண்டுபோவது. யூரியாவை ஒரே வீச்சில் கொட்டாமல் பயிர் கேட்கும் பருவத்தில் பிரித்துப் போடுவது. மாட்டுத் தொழுவத்து எருக்குழிக்குத் தளமும் கூரையும். ஊர் ஏரிகளைத் தூர்க்காமல் விடுவது. எதிர்ச் சவ்வூடு முறை வடிகட்டி நைட்ரேட்டைப் பெருமளவு நீக்கும். ஆனால் அது வாங்க முடிந்த வீட்டுக்கு மட்டும் காவல், கிணற்றுக்குக் காவல் அல்ல. சோதனை அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆய்வகங்கள் நைட்ரேட் என்று எழுதும், சில நைட்ரேட்-நைட்ரஜன் என்று எழுதும். இரண்டாவதாக இருந்தால் அந்த எண்ணை 4.43 ஆல் பெருக்கித்தான் 45 என்ற வரம்போடு ஒப்பிட வேண்டும். 11 என்று பார்த்து நிம்மதி அடைந்தால் அந்தக் கிணறு உண்மையில் வரம்பைத் தாண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் பிக்மி எனப்படும் பேறுகாலப் பதிவு எண் பெறுகிறார்கள். கிராமச் செவிலியர் வீட்டுக்கு வந்து எடை பார்க்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார். அந்த வருகையிலேயே வீட்டுக் குடிதண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுத்துச் சோதித்துவிடலாம். ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்படும் களச் சோதனைப் பெட்டிகளிலேயே நைட்ரேட் பார்க்க முடியும். சில நிமிட வேலை. வரம்பைத் தாண்டினால் குழந்தை பிறப்பதற்கு மாதங்கள் முன்பே வேறு நீருக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒவ்வொரு பொதுக் கிணற்றின் நைட்ரேட் அளவையும் மழைக்கு முன்னும் பின்னும் எழுதிப் போடலாம். இதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ வேண்டாம். தாய் சேய் நலப் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும். காலரா காலத்தில் காய்ச்சக் கற்றுக்கொண்டோம். பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரைச் சோதிப்பதையும் அதேபோல எல்லா வீட்டிலும் வழக்கமாக்க வேண்டிய காலம் இது.